இரண்டு தரம் இழுத்தால் பதில் வரும்

எப்போதும் எனக்கு முன்னால் நடந்தே பழகிவிட்ட என் அக்காவுக்கு,

நீ விட்டுப்போன, பட்டம் கட்டும் வகுப்பை இப்போது நான்தான் நடத்துகிறேன். சிரிக்காதே. குச்சியைச் சீவச் சொன்னால் விரலைச் சீவிக்கொள்கிற அதே தம்பிதான். உன் காரியம் முடிந்த அடுத்த சனிக்கிழமையே நம் ஃபிளாட் பிள்ளைகள் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டிவிட்டார்கள். போங்கடா என்று சொல்ல வாய் வரவில்லை.

வேலையெல்லாம் நீ பிரித்துக் கொடுத்த மாதிரியேதான். சின்னதுகளுக்கு வால். நடுவில் இருப்பவர்களுக்குத் தாள் வெட்டிப் பசை ஒட்டுவது. கத்தி பெரிய பிள்ளைகள் கையில் மட்டும். தர்ஷினிக்குப் பதினான்கு வயதுதான், என்னையே அதட்டுகிறாள். "அங்கிள், நீங்க சும்மா உக்காருங்க லா, நாங்க பாத்துக்கிறோம்." இந்த வாயை உன்னிடம்தான் கற்றிருப்பாள்.

உன் மகள் மீனாவுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. மச்சான் தினமும் விடியுமுன்னே எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிடுவதால் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். சோறு ஊட்டுவதுதான் பெரும்பாடு. இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை, கன்னமெல்லாம் ஒட்டிப்போய்விட்டது. பட்டம் என்றால் மட்டும் முகம் தெளிந்துவிடும். அப்பாடா, இதாவது இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன், அக்கா. ஏன் தெளிகிறது என்று யோசிக்கவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு நீ ஒரு விளையாட்டு வைத்திருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? பட்டம் ஏறியதும் நூலை மெல்ல இரண்டு தரம் இழுக்க வேண்டும். பிறகு அசையாமல் காத்திருக்க வேண்டும். "மேல இருந்து பதில் வரும் பாரு" என்பாய். காற்று நூலைச் சுண்டும், பிள்ளைகள் ஓவென்று கத்துவார்கள். நூலின் விறைப்பு கைக்குப் பழகட்டும் என்று நீ செய்த தந்திரம் அது. ஆறு வயதுக்கு அது எப்படித் தெரியும்?

வீட்டிலோ, அம்மா எங்கே என்று மீனா கேட்டபோதெல்லாம் நாங்கள் விரலை மேலே காட்டினோம். வேறென்ன சொல்வது? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

போன சனிக்கிழமை சாயங்காலம் திடலில் திடீரென்று காற்று நின்றுவிட்டது. பாசிர் கூடாங் தொழிற்சாலைப் புகைக்கூண்டுகளைத்தான் உனக்குத் தெரியுமே, காற்று எந்தப் பக்கம் என்று அதைப் பார்த்துத்தானே சொல்வாய். அன்று புகை நேராக மேலே நின்றது. எல்லாப் பட்டமும் ஒவ்வொன்றாக விழுந்தது. மீனாவுடையது மட்டும் விழவில்லை.

"அங்கிள்," என்றாள் தர்ஷினி. குரலில் பழைய அதட்டல் இல்லை. "காத்தே இல்லையே. அது எப்படி நிக்குது?"

அது முனகவும் செய்தது. மலாய்க்காரர்கள் வாவ் பட்டத்தின் தலையில் வில் கட்டி முனக விடுவார்களே, அந்தச் சத்தம். நாங்கள் அதில் எந்த வில்லும் கட்டவில்லை, அக்கா. கட்ட எனக்குத் தெரியவும் தெரியாது.

மீனா நூலை இரண்டு தரம் இழுத்தாள். நின்றாள். பிறகு நடக்க ஆரம்பித்தாள். திடல் முடியும் இடத்தில் பெரிய கால்வாய் இருக்கிறது, முந்தின நாள் மழையில் நிறைந்து ஓடியது. நான் கூப்பிடக் கூப்பிட அவள் மேலே பார்த்தபடியே போனாள். ஓடிப்போய் விளிம்பில்தான் பிடித்தேன்.

"பேசாதீங்க மாமா. அம்மா சொல்றது கேக்க மாட்டேங்குது."

"என்னம்மா சொல்றாங்க?"

"வான்னு சொல்றாங்க."

அவள் கைமேல் கை வைத்து நூலைப் பிடித்தேன். இரண்டு இழுப்பு வந்தது. காற்று சுண்டுவது போல இல்லை. ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாயே, அப்படி இருந்தது. பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. உன்மேல் இவ்வளவு கோபம் எனக்கு என்றுமே வந்ததில்லை.

"அக்கா, பிள்ளை இன்னும் சாப்பிடல! விடு!" என்று பிள்ளைகள் எதிரிலேயே கத்திவிட்டேன்.

முனகல் நின்றது. நூல் தொய்ந்தது. பட்டம் நிதானமாக இறங்கி எங்கள் காலடியில் விழுந்தது. உன் பச்சைத் துப்பட்டாவைக் கிழித்து அவளே முடிச்சுப் போட்டுக் கட்டிய வால், அதில் இல்லை. கால்வாயிலும் பார்த்தோம், புல்லிலும் பார்த்தோம்.

"அம்மா எடுத்துக்கிட்டாங்க," என்றாள் மீனா. அழவில்லை. வீட்டுக்கு வந்து, இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டும் என்று கேட்டாள். என் மனைவி அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அது நீதானா? காற்று மேலே வேறு மாதிரி இருந்திருக்கும் என்கிறார் மச்சான். இருக்கலாம். நீதான் என்றால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். பெற்றவளுக்குப் பார்க்க வேண்டும் போல இருக்காதா? எனக்கே இருக்கிறது.

வகுப்பை நிறுத்த மாட்டேன். ஆனால் இனி சின்னதுகளுக்குப் பட்டம் ஏற்றக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால், நூலைச் சுற்றி இறக்கச் சொல்லிக் கொடுப்பேன். எவ்வளவு உயரம் போனாலும் பட்டம்தான் நம்மிடம் வர வேண்டும், நாம் அதனிடம் போகக் கூடாது என்று மீனாவுக்கு நானே சொல்வேன். நீ மேலேயிருந்து வேண்டுமானால் இழுத்துப் பார், அக்கா. இந்தப் பக்கத்தை நான் விட மாட்டேன்.

உன் பிள்ளைக்குப் பின்னால் கால் ஊன்றி நிற்கும்,
உன் தம்பி பாலா