உன் கணக்கில் படம் பார்ப்பவன்

அன்பு மகளுக்கு,

அம்மா நலம். நான் நலமா என்பதை என் முழங்காலைத்தான் கேட்க வேண்டும். நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக உடுத்தி, நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

நம் பழைய வீடியோக்களை டிவியில் பார்க்க ஒரு கணினி கட்டினேனே, அந்தக் கதையை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. இத்தனை வருட உழைப்புக்கு அலுவலகம் எனக்குத் தந்தது கழித்துப்போட்ட ஒரு கணினிப் பெட்டிதான். அதைத் திறந்து தூசி தட்டி, இரைச்சல் போடும் விசிறியை மாற்றி, பெரிய ஹார்ட் டிஸ்க் பொருத்தி டிவிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். மென்பொருள் இலவசம், யார் யாரோ எழுதி, யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் விட்டிருக்கிறார்கள். சத்தம் வரவில்லை என்று அவர்களுடைய தளத்தில் எழுதினேன், முகம் தெரியாத ஒருவன் பொறுமையாகக் கூடவே இருந்து சரிசெய்து கொடுத்தான். உன் தாத்தா படுக்கையில் கிடந்தபோது உன் சித்தப்பா ஒரு நாள் அப்படிக் கூட இருந்ததில்லை.

முதலில் ஒரு கூத்து நடந்தது. வீட்டு வீடியோக்களையெல்லாம் சினிமாவுக்கான இடத்தில் போட்டுவிட்டேன், மென்பொருளும் அவற்றைச் சினிமா என்றே நம்பித் தானாகப் போஸ்டர் தேடி ஒட்டிவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "ஏங்க, நம்ம பொண்ணு ஸ்கூல்ல ஆடினதுக்குப் பேய்ப் படம் ஒட்டியிருக்கு. ஆடினதப் பாத்துட்டுதான் ஒட்டுச்சோ?" என்று சிரித்தாள். திருத்திவிட்டேன், கோபப்படாதே.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அங்கிருந்தே பார்க்க ஒரு கணக்குத் திறந்து கொடுத்தேன் அல்லவா, அதில் பாதியில் நிறுத்திய வீடியோ ஒன்று அடிக்கடி தலைகாட்டியது. யார் எந்தக் கருவியில் பார்க்கிறார்கள் என்பதையும் மென்பொருள் காட்டும். 'குண்டூசியின் போன்' என்று இருந்தது. அந்தப் பட்டப்பெயரை இந்த வயதிலும் போனுக்கு வைத்துக்கொள்ள உன் சித்தப்பாவைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? அம்மாவிடம் சொன்னால், "அவதான் பாஸ்வேர்டக் கொடுத்திருப்பா. பாக்கட்டுமே, தேஞ்சா போயிடும்?" என்கிறாள்.

உன் கடவுச்சொல்லை மாற்றினால் அவன் கதவு சாத்திக்கொள்ளும். மாற்றத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் அவன் எங்கே நிறுத்துகிறான் என்று ஓட்டிப் பார்த்தேன். தாத்தா முகம் மழித்துக்கொண்டிருக்கிறார், கேமரா வழக்கம்போல அவன் கையில். பாதி நுரையோடு திரும்பி, "டேய் குண்டூசி, எல்லாரையும் எடுக்கிறியே, நீ எப்படா படத்துல வரப்போற?" என்கிறார். அங்கேதான் நிறுத்துகிறான், ஒவ்வொரு முறையும். அத்தனை வீடியோவிலும் அவன் முகம் ஓரிடத்திலும் இல்லை, நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

இதை வைத்து எனக்கு மனம் இளகிவிட்டது என்று நீயும் அம்மாவும் போனில் குசுகுசுக்க வேண்டாம். அவன் செய்தது செய்ததுதான். அவன் என்னோடு பேச வேண்டாம், நானும் பேசப்போவதில்லை. ஆனால் அடுத்தவர் பெயரில் திருட்டுத்தனமாகத் தன் அப்பாவைப் பார்ப்பது என்ன பழக்கம்? அவனுக்குத் தனிக் கணக்கு திறந்திருக்கிறேன், சொல்லிவிடு.

வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக இரு, மகளே. உன் கடவுச்சொல்லை இன்றே மாற்று. அவனுடையதை உனக்குச் சொல்லப்போவதில்லை. நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது, வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் மாடிப்படிக்கு அடியில் வளர்த்த நாயின் பெயர் என்று மட்டும் சொல், போதும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா