கேள்விக்குறி போட்ட வரி

ஜூன் 9, 2025, திங்கள்
மருந்துக் கிடங்கு நிரலைப் புதுப்பிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஏபாப் என்ற கணினி மொழியில் எழுதியது, பதினோரு வருடப் பழசு. ‘இந்தச் சரக்கை இன்ன வகையாக எடுத்துக்கொள்’ என்று சொல்லும் வரிகள் எல்லாம் பழைய ‘மூவ்’ பாணி, நடுவில் ஒரு கேள்விக்குறி. வகை பொருந்தாவிட்டால் நிரல் நின்றுவிடும். இப்போது யாரும் அப்படி எழுதுவதில்லை. இருநூற்றுப் பதினாறு இடம்.

ஜூன் 11
தொண்ணூறு முடிந்தது. சாயங்காலம் மழை.

ஜூன் 12
ஓரிடத்தில் கை நின்றது. வகை பொருந்தாதபோது என்ன செய்வது என்று எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதனால் இங்கே மட்டும் நிரல் நிற்காது, எச்சரிக்கையும் தராது. முந்தின பெட்டியின் விவரத்தையே இந்தப் பெட்டிக்கும் ஒட்டிவிடும். குளிரறைக்குப் போக வேண்டிய இன்சுலினுக்கு மாத்திரைப் பெட்டியின் அடுக்கு எண்.

கரியப்பன்.

இன்சுலினை வெளி அடுக்கில் வைத்துக் கெடுத்தார் என்று நாலு வருடம் முன்பு வேலையை விட்டு அனுப்பினார்களே, அந்தக் கிடங்கு மேற்பார்வையாளர். “மேடம், சீட்டுல அந்த அடுக்குதானுங்க போட்டிருந்துச்சு” என்று என் மேசை முன்னால் நின்று சொன்னார். “சிஸ்டம் தப்பு பண்ணாது” என்றேன். நிரலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் இறந்துபோனார்.

அந்த வரியை எழுதியவர் பெயரைப் பார்த்தேன். ஈவ்லின். நான்தான்.

ஜூன் 13
மண்டி மொஹல்லா கடைவீதியில் ஆட்டோவுக்கு நிற்கும்போது முன்னால், கரியப்பன் போடுவதுபோல் ஒரு காக்கிச் சட்டை. இறந்தவர் என்பதையும் மறந்து, அவர்தான் என்று இரண்டு கடை தூரம் பின்னாலேயே போனேன். திரும்பியது வேறு முகம்.

அன்னைக்கு என்னைத் திட்டியிருக்கலாமே. ‘சரிங்க மேடம்’னு சொல்லிட்டுப் போயிட்டாரே —

ஜூன் 16
புது வரி போட்டால் முடிந்தது. பழைய பதிப்பை யார் திறக்கப் போகிறார்கள்? நானே திறக்கவில்லையே.

ஜூன் 17
மேலாளர் மேக்ஸ்வெல்லிடம் சொன்னேன். “விட்டுடு ஈவ்லின், அந்த ஆளே இப்ப இல்ல. திருத்திட்டு வேலை டிக்கெட்டை மூடு, அஷ்டே, அவ்வளவுதான்.”

மூடவில்லை. நடந்ததை எழுதிக் கிடங்கு நிர்வாகத்துக்கு நேரடியாக அனுப்பினேன்.

ஜூன் 22, ஞாயிறு
திருப்பலிக்குப் போகாமல் கொள்ளேகால் பஸ் ஏறினேன். கரியப்பனின் மனைவி வடிவு, பட்டுப்புழுவுக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் சொன்னேன். கத்தி நிற்கவில்லை.

“நாந்தான் சீட்டைத் தப்பாப் படிச்சுட்டனாட்ட இருக்குதுன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே கெடந்தாருங்க” என்றார். “நானும் நம்பிட்டனுங்க.”

ஜூலை 9
நிரல் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான்.

ஜூலை 18
வடிவு போன் செய்தார். “கிடங்குல இருந்து கடுதாசி வந்துருக்குதுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்களே வந்து படிங்க.”

ஜூலை 20, ஞாயிறு
கரியப்பன் படத்துக்கு முன்னால் நிற்க வைத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னார். அவர்மீது தவறில்லை, கணினிக் கோளாறு என்று இருந்தது. இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

“உங்க பேரு இதுல இல்லீங்களே.”

இல்லை. பேனா எடுத்து, ‘அந்த வரியை எழுதியது நான்’ என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மை காயும்வரை வடிவு அதைக் கையில் வைத்திருந்துவிட்டு, படத்தின் பின்னால் செருகினார்.

“இனி நீங்க வர வேண்டாமுங்க” என்றார். குரலில் கோபமே இல்லை.