உட்காரச் சொல்லாத கடை

நேற்று பேத்தியின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் பட்டுக்கடைக்குப் போனோம். முழங்கால் போனதிலிருந்து எனக்குக் கைத்தடி. வாசலில் நின்ற ஆள் கையை நீட்டினான். "தடிய இங்கயே வெச்சிட்டுப் போங்க பெரியவரே, உள்ள வெள்ளத்துணி விரிச்சிருக்குது." வாங்கிச் செருப்புகளுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான். மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். கடை முழுக்கப் புடவை விரித்தார்கள், ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. உன் அக்குள்கட்டை அதே மாதிரி ஒரு வாசலில் சாய்ந்து கிடந்ததுதான் தெரிந்தது.

நீ என்னைவிட மூன்று வயது மூத்தவன். ஆனாலும் நான் உன்னை ‘நீ’ என்றேன், நீ என்னை ‘சார்’ என்றாய். இந்த மடலை ‘நீங்கள்’ என்று ஆரம்பித்து இரண்டு வரியில் கிழித்துப் போட்டேன். செத்த பிறகு கொடுக்கிற மரியாதையை வைத்துக்கொண்டு நீ என்ன செய்யப்போகிறாய்?

எழுபதுகளின் தொடக்கம். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு எங்கள் வகுப்பு நடக்கும். எட்டாவது தாண்டாதவர்களும் கை கால் விளங்காதவர்களும் காது கேளாதவர்களும் வேலை கேட்கப் போகிற இடத்தில் எப்படிப் பேசுவது, எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித்தர ஒரு தர்மசபை ஏற்பாடு செய்திருந்தது. சொல்லித்தர வந்தவன் நான். பி.ஏ. முடித்து இரண்டு வருஷம் வேலை கிடைக்காமல் சுற்றியவனுக்கு, வேலை வாங்குவது எப்படி என்று பாடம் நடத்துகிற வேலை! மெட்ராஸிலிருந்து வந்த நாலு பக்க சைக்ளோஸ்டைல் தாள்தான் என் மொத்த ஞானம். வணக்கம் சொல். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். ஊனத்தைப் பற்றி நீயாகப் பேசாதே. உட்காரச் சொன்னால் மட்டும் உட்கார்.

நீ முசரவாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருவாய். இளம்பிள்ளைவாதம் உன் இடது காலை எடுத்துக்கொண்டு, வாயைத் தாராளமாக விட்டு வைத்திருந்தது. அண்ணன் வீட்டில் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் மழையில் நனைந்து வந்த என் துண்டைப் பிடுங்கித் தரையில் விரித்தாய். "அம்மா, பார்டரப் பாருங்கம்மா. இத்தக் கட்டிக்கினு பொண்ணு மணையில உக்காந்தா, மாப்ள ஐயர எங்க பாக்கப் போறாரு?" அழுக்குத் துண்டு உன் கையில் நிஜமாகவே பட்டாகிவிட்டது. காது கேளாத ஒருவர்கூட உன் விரல்களைப் பார்த்தே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "கேட்டதுக்கு மட்டும்தான் பதில்" என்று தாளைத் தட்டினேன்.

வேலைக்கு ஏன் இப்படிப் பறக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "எங்க அண்ணி வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லாது சார். தட்டு வெக்கிற சத்தத்துலயே தெரிஞ்சிடும். என் சோத்த நான் துன்னணும், அவ்ளோதான் சார்" என்றாய். இதைச் சொல்லும்போது மட்டும் நீ சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கடைவீதியில் ஒரு பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்ட ஆள் கேட்டார்கள். அடுக்கிலிருந்து எடுத்துக் கொடுக்க வேறு ஆட்கள் உண்டு. விரிப்பவர் காலையிலிருந்து மாலைவரை தரையில் விரித்த மெத்தையில் உட்கார்ந்தே பேச வேண்டும். உனக்கென்றே செய்து வைத்த வேலை. முந்தின நாள் மாலை நீ கேட்டாய்.

"சார், உக்காரச் சொல்லலன்னா?"

"சொல்வாங்க."

"மறந்துட்டாங்கன்னா?"

"நில்லு. மரியாதை முக்கியம்."

நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். பட்டுக்கடைக்குள் போகிறவர்கள் நிற்பதில்லை என்பது எனக்குத் தெரியாதா? நெய்த புடவையைக் கொண்டுவரும் நெசவாளிகூட யாரையும் கேட்காமல் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்துதான் மூட்டையைப் பிரிப்பார். நிற்கிறவர்கள் இரண்டே வகை. ஒருவர் தகவல் சொல்ல வந்தவர், இன்னொருவர் கையேந்த வந்தவர். இவ்வளவும் தெரிந்த நான் மெட்ராஸ் தாளைத்தான் நம்பினேன்.

மறுநாள் கடைக்குப் போனோம். தெருவில் ஊன்றிய கட்டை உள்ளே வரக்கூடாது என்று வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். நீ சுவரைப் பிடித்துக்கொண்டே போய்த் தூணருகே நின்றாய். நான் வாசலில் நின்றேன். முதலாளி ஒரு கல்யாண வீட்டாருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். உன் வணக்கம் அவர் காதில் விழவில்லை. அரைமணி நேரம் போயிருக்கும். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் கேள்வி இருந்தது. நான் உள்ளங்கையைக் காட்டினேன், நில் என்று.

அப்போதுதான் முதலாளி தலையைத் தூக்கினார். "இன்னிக்கி வெள்ளிக்கிழம இல்லையேப்பா. வெள்ளிக்கிழம வா" என்றார். வெள்ளிக்கிழமைதான் கடைகளில் பிச்சை போடுவார்கள். துண்டைப் பட்டாக்கிய வாய் உனக்கு இருந்தது. ஆனால் அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லையே! அதனால் நீ பதில் சொல்லவில்லை. உன் காலைத்தான் இளம்பிள்ளைவாதம் முடக்கியது, வாயை முடக்கியவன் நான்.

உன் வலது கால் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். நீ விழுந்தாய். விரித்து வைத்திருந்த அரக்குக் கூறைப்புடவை மேலேயே விழுந்தாய். "ஐயய்யோ, கூறைப்புடவையாச்சே!" என்று பெண்ணின் அம்மா எழுந்துவிட்டாள், அவளோடு மொத்தக் குடும்பமும் எழுந்தது. "யாருய்யா இவன இட்டுக்கினு வந்தது?" என்று முதலாளி கத்தினார். நான் தெருவில் யாரையோ தேடுகிறவன் மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

சபைக்கு எழுதிய அறிக்கையில், ‘உடல் பலவீனம் காரணமாக வாய்ப்புத் தவறியது’ என்று எழுதினேன். வகுப்பு இன்னொரு வருஷம் நீடித்தது. என் சம்பளமும் நீடித்தது.

அடுத்த வாரம் நீ வந்தாய். முழங்கையில் சிராய்ப்பு காய்ந்திருந்தது. கோபமே இல்லாமல், சந்தேகம் கேட்கிற பிள்ளை போலக் கேட்டாய். "சார், நான் அங்க உக்காந்திருக்கலாமா?" ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வகுப்பு முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "இல்ல, நீ செஞ்சதுதான் சரி" என்றேன். உன் முகம் தெளிந்ததே, அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நாலைந்து வருஷம் கழித்து, நீ காய்ச்சலில் போய்விட்டாய் என்று கேள்விப்பட்டு முசரவாக்கம் வந்தேன். காரியமெல்லாம் முடிந்திருந்தது. உன் அண்ணி எனக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, யார் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது.

"நீங்கதானா அந்த சாரு? வேலைன்னு எங்க போனாலும் நின்னுக்கினே இருப்பாரு சார். ஆலையில நின்னாரு, அரிசி மண்டியில நின்னாரு. பிச்ச கேக்க வந்தவன்னு தொரத்திட்டாங்க. உக்காருப்பான்னு நானே சண்ட போட்டிருக்கேன். எங்க சாரு தப்பா சொல்லமாட்டாருன்னு எங்கிட்டயே கோச்சிக்கினாரு."

தட்டைச் சத்தமாக வைத்த அண்ணி உன்னை உட்காரச் சொல்லியிருக்கிறார். நான் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். நான் தப்பாகத்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று அவரிடமாவது சொல்லியிருக்கலாம். "நல்ல மனுஷன்" என்று உன்னைப் பற்றி முணுமுணுத்துவிட்டு, தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு, என்னிடம் படித்த எத்தனையோ பேர் எனக்குக் கைகூப்பி, நான்தான் வாழ்க்கை கொடுத்தேன் என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் சொன்னதும் மனதில் நிற்கவில்லை. சார் தப்பாகச் சொல்லமாட்டார் என்று நம்பி, வாசல் வாசலாக ஒற்றைக்காலில் நின்றாயே, அந்த நம்பிக்கை ஒன்றுதான் என்னிடம் மிச்சமிருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.