மெதுவாக ஓட வேண்டிய படம்

பாளையங்கோட்டை,
22.12.1994

அன்பு மகள் விஜயஸ்ரீக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தம்பியும் இங்கே சுகம், நீயும் அந்தப் புனா குளிரில் நெஞ்சில் சளி கட்டாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை என்று கோபப்படாதே, எந்த முகத்தோடு எழுதுவது என்றுதான் தள்ளிப்போட்டேன். தை மாதம் உன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள், அத்தோடு படிப்பு போதும் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார்கள். "பழைய பிலிமைத் துடைக்கதுக்கு ஒரு படிப்பா, அதுக்கு அம்புட்டு தூரமா" என்று என்னிடம்தான் எரிந்து விழுவார்கள்.

நீங்கள் அங்கே சீராக்கிய அந்த ஊமைப்படத்தை நேற்று கல்லூரி மண்டபத்தில் போட்டார்கள். அப்பாவைக் கெஞ்சித்தான் கூட்டிப்போனேன். ஆரம்பித்ததுமே "ஏலே, சவுண்டு வையிலே" என்று பின்னாலிருந்து கத்தல். அது அடங்கினால் அடுத்த கூத்து, படகுக்காரன் செத்துப்போன மகளைத் தூக்கிக்கொண்டு படித்துறை ஏறுகிறான், கோழி மாதிரி தத்தித் தத்தி ஓடுகிறான், மண்டபமே சிரிக்கிறது. "இதுக்குத்தான் உன் மவ கண்ணு நோவ உக்காந்தாளா" என்று அப்பா எழுந்துவிட்டார்கள். ஊமைப்படத்தை மெதுவாக ஓட்ட வேண்டும், மெஷினில் அதற்கென்று ஒரு சுவிட்ச் உண்டு என்று நீ எழுதியிருந்தது அப்போதுதான் நினைவு வந்தது. ஆண்கள் பக்கமாக நடந்துபோய் ஆபரேட்டர் பிச்சைக்கண்ணு அண்ணாச்சியிடம் சொன்னேன். "முப்பது வருசமா டூரிங் கொட்டகையில ஓட்டுதேன், எனக்கே பாடமா" என்றார். "இதை ஒட்டிச் சேர்த்தவ என் மவ, அவதான் சொல்லுதா, ஒருதடவ மாத்திப் பாருங்க" என்றேன், மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும். முனகிக்கொண்டே சுவிட்சை மாற்றி, பிலிமைப் பின்னால் சுற்றி மறுபடி ஓட்டினார்.

இப்போது அந்த மனிதன் ஒவ்வொரு படியாக, பைய ஏறினான். ஒரு இருமல் சத்தம் இல்லை. அந்தப் பிள்ளையின் ஈரத் தலைமுடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. அப்பா நின்றது நின்றபடியே பார்த்தார்கள். முடிந்ததும் பிச்சைக்கண்ணு அண்ணாச்சி எல்லார் முன்னாலும் அப்பா கையைப் பிடித்து, "ஒங்க மவ எனக்கே வாத்தியாராயிட்டா" என்று சிரித்தார். இன்று காலை அப்பா தானாகவே கங்கைகொண்டானில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், பெண் பார்க்க வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். "படிச்சு முடிச்சிட்டே வரட்டும்" என்றார்கள், அவ்வளவுதான். ஜெயித்துவிட்டாயடி.

பிலிம் துடைக்கும் மருந்து வாடையில் வேலை செய்யும்போது ஜன்னலைத் திறந்து வை, ராத்திரி மோர் குடிக்காதே. காந்திமதியம்மை உன் கண்ணையும் கையையும் காப்பாள். தைக்கு எடுத்த ரயில் டிக்கெட்டை இந்தக் கடிதம் கண்டதும் மறக்காமல் ரத்து செய்துவிடு.

உன் அம்மா,
கோமு