கவிழ்ந்த கப்பலில் முதல் ஓட்டை

அன்பானவளே,

பத்திரிகையில் வந்த என் படத்தை நம் ஊர் ஹிலோவில் எல்லோருக்கும் காட்டுகிறாயாம். வேண்டாம்.

பேர்ல் ஹார்பரில் ஜப்பான் விமானங்கள் கவிழ்த்த போர்க்கப்பலின் அடிப்புறத்தில், கப்பல் பட்டறை ஆட்கள் நாங்கள் ஏறி நின்றோம். உள்ளே சிக்கியவர்கள் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உளியால வெட்டினா நாளாயிரும். கேஸப் பத்த வைப்பா!" என்றார் மேஸ்திரி மெடெய்ரோஸ்.

இரும்பை அறுக்கும் கேஸ் விளக்கைப் பற்ற வைத்தேன். நெருப்பு உள்ளிருந்த காற்றைத் தின்றது. தட்டல் நின்றது.

அடுத்த அறையை உளியால்தான் திறந்தோம். ஆறு பேர் உயிரோடு வந்தார்கள். அதிகாரிகளுக்கு அவசரமாக ஒரு வீரன் தேவைப்பட்டான். என்னைப் படம் எடுத்தார்கள்.

மீண்ட மாலுமி ஒருவன் என்னைக் கட்டிக்கொண்டு கேட்டான்: "பக்கத்து ரூம்ல எங்க சமையக்காரப் பசங்க தட்டினாங்களே அண்ணே, எடுத்துட்டீங்களா?"

"எடுத்தாச்சு தம்பி" என்றேன்.

இப்போது அவன் ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாக அவர்களைத் தேடுகிறானாம்.

உன் கணவன்