கழட்டின வயர்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில இன்டர்நெட் லைன் பாக்கிற தம்பி வந்தாரு. "ரோட்டுப் பெட்டியிலேர்ந்து உங்க வீடு ரொம்பத் தூரம் அக்கா, அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது"ன்னாரு. ஆனா பெட்ரூம்ல இருந்த பழைய போனுக்கு இழுத்த வயர்தான் லைனைக் கெடுக்குதுன்னு அதைக் கழட்டிட்டு, மோடத்தை வாசல்கிட்ட, லைன் உள்ள வர்ற இடத்திலேயே வச்சாரு. இப்ப அது செருப்பு அலமாரி மேல உக்காந்திருக்கு. இன்டர்நெட் பறக்குது.

வீட்டுக்காரர்கிட்ட சொல்லல. சிங்கப்பூர்லேர்ந்து ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுவாருல்ல, அவரே பாத்துக்கட்டும்னு இருந்தேன்.

கூப்பிட்டாரு. வீடியோவுல படம் ஒரு தடவைகூட நடுவில நிக்கல. அவர் சட்டையில ரெண்டாவது பட்டன் இல்லாததுகூடத் தெரிஞ்சுது. அஞ்சு நிமிஷம் பேசியிருப்போம். வழக்கம்போல, "உன் மூஞ்சியே தெரியல லா, நம்ம கூலாய் ஊர்ல லைன் மோசம். சனிக்கிழமை வந்து பேசிக்கலாம்"னு வச்சுட்டாரு.

அவர் பக்கம்தான் மோசமோ என்னவோ. அப்படின்னா எடுத்த எடுப்பிலேயே "ஏன் பொட்டு வைக்கல?"ன்னு எப்படிக் கேட்டாரு?

ரெண்டு வருஷமா லைனைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். இனிமே யாரைத் திட்டுறது?

தம்பி சுருட்டிக் குடுத்த வயரை இன்னும் வீசல. அதைத் திரும்ப மாட்டிட்டா, நாளைக்கு அவர் சொல்றது உண்மையாயிடும்.