எல்லாருக்கும் ஒரே சிஸ்டமாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

இங்கே சின்னத் தகராறு, பயப்படாதீர்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் ஒரே புது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போடச் சொன்னார் மேனேஜர். வரைபடம் போடுகிறவர்களுக்கு அது சரிதான். ஆனால் போன் எடுக்கிற அக்காவுக்குக் கண் தெரியாது. திரையை அவருக்குப் படித்துக்காட்டும் மென்பொருள் பழையதில்தான் ஓடும்.

"ஒருத்திக்காக மாத்த முடியுமா?" என்றார் மேனேஜர்.

"நீங்க கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு நாள் அந்த சீட்ல உக்காருங்க சார்!" என்று கத்திவிட்டு, பழையதையே போட்டுக் கொடுத்தேன். மெமோ வந்திருக்கிறது. வரட்டும்!

நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் தம்பி புதுசு போடுகிறேன் என்றால் கையை ஒடித்துப் போடுங்கள். ஒரே பொத்தானை அழுத்தினால் வீடியோ காலில் என் முகம் வரும்படி உங்களுக்கென்றே அமைத்தது அது.

இடைவேளை முடிந்து மணியடித்துவிட்டது, போகிறேன். மூன்று வாரமாக ஏன் அழுத்தவில்லை?

உங்கள் பெரியவள்